பச்சை அட்டைக்கு மதிப்பு வந்த கதை

1990-களின் பின்பாதியில் தருமபுரிப் பக்கத்துக் கம்பைநல்லூர்ப் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பேனா தொலைந்தால் கவலையில்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப். கார்டு தொலைந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்காது. பெட்டிக்கடையில் கட்டுக்கட்டாக விற்ற அந்த மல்யுத்த வீரர் அட்டைகளில் படத்துக்குக் கீழே வரிசையாக எண்கள் இருக்கும்: ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. கட்டை ரெண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து ஒருவன் "வெயிட்டு" என்பான். எதிராளி அட்டையில் எடை குறைவென்றால் அது இவனுக்கு. ரேங்க்கில் மட்டும் சின்ன எண்ணே பெரிது. யோகோசுனா கைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், எடையைச் சொல்லிவிடலாம்.

அதில் திறமையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த வீரனுக்கு எந்த வரியில் பலம், எதிராளி கையில் இன்னும் யார் யார் மிச்சம் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். ஆனால் அட்டையில் அச்சானது அச்சானதுதான். 500 பவுண்டை 400 பவுண்டு எந்த நாளும் தோற்கடிக்க முடியாது. உணவு இடைவேளையில் புளியமரத்தடியில் நடந்த அத்தனை சண்டையும், அட்டைகள் அச்சாகும்போதே முடிவான சண்டைகள்.

2000-க்குப் பிறகு கடை வாசலில் தொங்கிய சரங்கள் மாறின. 2003-இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் வந்தது. கொஞ்ச காலத்தில் போக்கிமான் அட்டைகளும், அவற்றோடு யூ-கி-ஓ அட்டைகளும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் வந்தன. பெரும்பாலும் டூப்ளிகேட். மெல்லிய அட்டை, மங்கிய வண்ணம், பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத எழுத்து. அந்த அட்டைகளை எப்படி ஆடுவது என்று சொல்ல ஊரில் ஆளில்லை, விதிப்புத்தகமும் இல்லை. அதனால் பையன்கள் தெரிந்த ஆட்டத்தையே அதிலும் ஆடினார்கள்: யார் அட்டையில் அட்டாக் பாயின்ட் பெரிது? 'புளூ-ஐஸ் ஒயிட் டிராகன்' என்ற நாகத்துக்கு 3000. அது வைத்திருந்தவன் ராஜா.

அந்த பாக்கெட்டுகளில் பச்சை நிற அட்டைகளும் வரும். படம் இருக்கும், கீழே சில வரி ஆங்கிலம் இருக்கும், அட்டாக் எண் மட்டும் இருக்காது. எண் இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை யாரும் பண்டமாற்றுக்குக்கூட வாங்க மாட்டார்கள். பாக்கெட்டைப் பிரித்தவன் முகம் சுளிப்பான். பச்சை அட்டைகள் புத்தகத்தில் பக்க அடையாளமாகவோ, கேரம் போர்டு காலுக்கு முட்டுக்கொடுக்கவோ போயின.

அவைதான் யூ-கி-ஓவின் ஸ்பெல் கார்டுகள், அதாவது மந்திர அட்டைகள். ஆட்டத்தின் உயிரே அவற்றில்தான் இருந்தது.

முழு விதிப்படி ஆடினால் அந்த டிராகனுக்கு என்ன நேரும் என்று பார்ப்போம். அதைச் சாதாரண முறையில் களத்தில் இறக்க, முன்பே இறக்கிய ரெண்டு மான்ஸ்டர்களைப் பலிகொடுக்க வேண்டும். ஆக அந்த 3000-த்தின் உண்மையான விலை மூன்று அட்டை. இப்போது எதிராளி 'டார்க் ஹோல்' என்ற பச்சை அட்டையை வைக்கிறான். களத்தில் இருக்கும் எல்லா மான்ஸ்டரும் அழியும். டிராகன் கல்லறைக்கு, அதாவது கழிந்த அட்டைகளின் அடுக்குக்கு, போய்விட்டது. அடுத்து 'மான்ஸ்டர் ரீபார்ன்' வைக்கிறான். யாருடைய கல்லறையிலிருந்தும் ஒரு மான்ஸ்டரை எழுப்பித் தன் பக்கம் நிறுத்தலாம். சற்றுமுன் உங்களுக்காக நின்ற டிராகன் இப்போது உங்கள் மேலேயே பாய்கிறது. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 8000 உயிர்ப்புள்ளிகள். ஒரே அடியில் 3000 போய்விடும். ரெண்டு பச்சை அட்டைகள், ரெண்டிலும் அட்டாக் எண் இல்லை.

இந்த வகை ஆட்டத்துக்கு வழி போட்டவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். 1993-இல் அவருடைய 'மேஜிக்: த கேதரிங்' வெளிவந்தது. அதில் ஆடுபவரே ஒரு மந்திரவாதி. நில அட்டைகளைத் திருப்பி 'மானா' என்ற சக்தியை எடுத்து, அதைச் செலவழித்துத்தான் மந்திரத்தை ஏவ முடியும். அந்த ஆட்டத்தின் தலையாய விதி ஒன்று: விதிப்புத்தகம் ஒன்று சொல்லி அட்டை வேறொன்று சொன்னால், அட்டை சொல்வதே செல்லும். நான் இதை மிகப் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன். ஒவ்வொரு அட்டையும் ஆட்டத்தின் சட்டத்தையே கொஞ்சம் மாற்றி எழுதுகிறது. படிக்காமல் ஆடவே முடியாது.

ஜப்பானில் கசுகி டகாஹாஷி 1996-இல் யூ-கி-ஓ சித்திரக்கதையைத் தொடங்கினார். கதைக்குள் வந்த சீட்டாட்டத்துக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'மேஜிக் அண்ட் விசார்ட்ஸ்'. 1999-இல் கொனாமி நிறுவனம் அதை நிஜ அட்டைகளாக விற்கத் தொடங்கியது. இதில் மானா கிடையாது. மந்திரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை அந்த அட்டையேதான். அதனால் கணக்கு சுருக்கமானது, கடுமையானது: ஓர் அட்டை கொடுத்து எத்தனை அட்டை பெறுகிறேன்? 'பாட் ஆஃப் கிரீட்' என்ற பச்சை அட்டை செய்வதெல்லாம் கட்டிலிருந்து ரெண்டு அட்டை எடுக்கவிடுவதுதான். ஒன்று போய் ரெண்டு வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோர் கட்டிலும் அது இருந்தே தீரும் என்றானதால் பல ஆண்டுகளாகப் போட்டிகளில் அதற்குத் தடை. முட்டுக்கொடுக்கப்பட்ட பச்சை அட்டைகளில் அதுவும் இருந்திருக்கலாம்.

ஸ்பெல் அட்டைகளிலும் சாதிப் பிரிவு உண்டு, ஓரத்தில் உள்ள சின்னத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சின்னம் இல்லையென்றால் சாதாரண ஸ்பெல், வேலை முடிந்ததும் கல்லறைக்கு. முடிவிலிக் குறி இருந்தால் களத்திலேயே தங்கிப் பலன் தந்துகொண்டிருக்கும். கூட்டல் குறி இருந்தால் ஒரு மான்ஸ்டருக்கு ஆயுதமாக மாட்டுவது. திசைகாட்டி இருந்தால் ஃபீல்ட் ஸ்பெல். அது இறங்கினால் களத்தின் தன்மையே மாறும். தீச்சுடர் இருந்தால் சடங்கு நடத்திச் சிறப்பு மான்ஸ்டரை வரவழைப்பது. மின்னல் குறி இருந்தால் குயிக்-பிளே, அதாவது எதிராளியின் முறையில்கூட ஏவலாம், ஆனால் முன்பே கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், வைத்த அதே முறையில் ஏவக் கூடாது.

கவிழ்த்து வைப்பது என்றதும் நம் பெரியவர்களுக்கு 304 நினைவு வரும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஆடும் அந்தச் சீட்டாட்டத்தில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நாலு வகையும் சேர்ந்து 304. கேள்வி கேட்டு எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அது திறக்கும் வரை மற்றவர்களுக்கு எது துருப்பு என்று தெரியாது. திறந்ததும் அதுவரை பெரிதாக இருந்த சீட்டு சிறிதாகிவிடும். இன்னும் பின்னால் போனால் மைசூர்க் கஞ்சிஃபா இருக்கிறது. 1792-க்கு முன் இந்தத் தருமபுரிப் பக்கம் பாராமகால் என்ற பெயரில் மைசூர் ஆட்சியில் இருந்தது. தசாவதாரக் கஞ்சிஃபாவில் வட்ட வடிவில் 120 சீட்டுகள், அவதாரத்துக்குப் பன்னிரண்டு. எண் சீட்டுகளில், பாதி அவதாரங்களுக்குப் பத்து பெரிது, மீதிப் பாதிக்கு ஒன்று பெரிது. பகலில் ஆடினால் ராமர் வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்குவார், இரவில் ஆடினால் கிருஷ்ணர் வைத்திருப்பவர். சூரியன் சாய்ந்தால் விதி மாறும் ஆட்டம் அது. ஃபீல்ட் ஸ்பெல்லைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது: எண்ணைத் தாண்டிய விதி நம் மண்ணுக்குப் புதிதல்ல, இடையில் வந்த மல்யுத்த அட்டைகள்தான் அதை மறக்கடித்தன.

இன்றைக்கு வருவோம். 2016-இல் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு, மொரப்பூருக்கு ரயிலேறப் போகும் பையன் கையிலும் தென்னந்தோப்பில் மோட்டார் போடப் போகும் பையன் கையிலும் போன் இருக்கிறது. கொனாமியின் யூ-கி-ஓ செயலி 'மாஸ்டர் டூயல்' 2022 ஜனவரியில் வந்தது. போக்கிமானின் 'பாக்கெட்' செயலி 2024 அக்டோபரில். என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு. அவன்தான் எனக்கு இந்த ஆட்டத்தை முழு விதியோடு சொல்லிக்கொடுத்தவன்.

ஒரு நாள் அவன் சாதாரண ஸ்பெல் ஒன்றை ஏவினான், ரெண்டு அட்டை எடுக்கும் வகை. என்னிடம் கவிழ்த்து வைத்த 'மிஸ்டிகல் ஸ்பேஸ் டைஃபூன்' இருந்தது. களத்தில் உள்ள ஒரு ஸ்பெல்லையோ ட்ராப்பையோ (கவிழ்த்து வைக்கும் பொறி அட்டை) அழிக்கும் குயிக்-பிளே. உடனே திறந்தேன். "உன் அட்டை காலிடா."

"அழிச்சிட்டீங்க மாமா, சரி. ஆனா நான் ரெண்டு எடுப்பேன்."

"அட்டையே போச்சே, எங்கிருந்து எடுப்பே?"

"அட்டைதான் போச்சு. மந்திரம் போகலை. சொல்லி முடிச்சாச்சு இல்ல?"

அவன் சொன்னது சரி. உலகம் முழுக்கப் புதிதாக ஆடுபவர்கள் சண்டை போடும் இடம் இது. ஒருவர் ஏவியதற்கு மற்றவர் பதில் ஏவினால் அது 'செயின்'. கல்யாணப் பந்தியில் அடுக்கி வைத்த தட்டுகளைப் போல, கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். எனவே என் புயல் முதலில் வேலை செய்து அவன் அட்டையை அழித்தது. ஆனால் அழிப்பது வேறு, செல்லாமல் ஆக்குவது வேறு. சாதாரண ஸ்பெல் ஏவிய கணமே கிளம்பிவிட்டது. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் பலன் நடக்கும். அவன் வைத்தது களத்தில் தங்க வேண்டிய ஸ்பெல்லாக, அதாவது முடிவிலிக் குறியோ கூட்டல் குறியோ திசைகாட்டியோ உள்ளதாக இருந்திருந்தால், பலன் நடக்கும் நேரத்தில் அட்டை அங்கே இருந்தாக வேண்டும். அப்போது என் புயல் ஜெயித்திருக்கும். இதோடு வேகக் கணக்கும் உண்டு. சாதாரண ஸ்பெல்லுக்கு வேகம் 1, குயிக்-பிளேக்கும் சாதாரண ட்ராப்புக்கும் 2, கவுன்ட்டர் ட்ராப்புக்கு 3. வேகம் 2-ஐயும் 3-ஐயும்தான் பதிலாக ஏவ முடியும். 3-க்குப் பதில் 3 மட்டுமே.

பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஒரு வாக்கியத்தின் எந்தச் சொல் நிபந்தனை, எது விலை, எது பலன் என்று பிரித்து வாதாடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளியில் ஆங்கில உரைநடையை அவன் இப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் போனில் ஆடும்போது இந்த வாதம் நடப்பதில்லை. பதில் ஏவ வாய்ப்பிருந்தால் செயலியே கேட்கிறது, இல்லையென்றால் கடந்துவிடுகிறது. செல்லாத ஆட்டத்தை ஆடவே விடாது. விதி தெரியாதவனும் பொத்தானை அழுத்தி ஜெயித்துவிடலாம். அன்று பையன்கள் கையில் அட்டை இருந்தது, விதி இல்லை. இன்று விதி போனுக்குள் இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. நேரில் உட்கார்ந்து, காகித அட்டையை வைத்து, "இந்த இடத்துல நான் பதில் சொல்லலாமா?" என்று கேட்டு ஆடுவதுதான் முழு ஆட்டம் என்பது என் கட்சி.

வீட்டில் எதிர்ப்பும் உண்டு. சீட்டு என்றாலே தோப்புக்குள் நடக்கும் மங்காத்தாதான் அம்மாக்களுக்கு நினைவு வருகிறது. இணைய ரம்மியில் பணம் இழந்த குடும்பங்களின் செய்திகளைப் படித்தவர்களை அதற்காகக் குறை சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் பந்தயப் பணம் இல்லை என்று அக்காவிடம் விளக்கினேன். ஆனால் ஒரு விஷயத்தில் அவள் பயம் நியாயமானது. ஒன்பது அட்டை கொண்ட பூஸ்டர் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது. அரிய அட்டை ஒன்றுக்காகப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவது, 2003-இல் தமிழ்நாட்டில் தடைசெய்த லாட்டரிச் சீட்டை ஞாபகப்படுத்துகிறது. எனவே பாக்கெட் வாங்குவதில்லை, வேண்டிய அட்டையை மட்டும் தனியாக வாங்குவது என்று முடிவாயிற்று. கட்டுக்கு 40 அட்டை போதும், ஒரே அட்டை மூன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. வெறும் ஸ்பெல் அட்டைகள் பல மலிவாகவே கிடைக்கின்றன.

யூ-கி-ஓ அட்டைகள் ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், கொரியன் என்று பல மொழிகளில் அச்சாகின்றன. தமிழில் இல்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் தம்பியோடு ஆட அக்கா மகனுக்கு அது இடைஞ்சல். அதனால் அவன் கோடு போட்ட நோட்டுத் தாளைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பச்சை அட்டைக்கும் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைக்கு முன்னால் செருகியிருக்கிறான். எப்போது ஏவலாம், என்ன விலை, என்ன நடக்கும் என்று மூன்று வரி. டைஃபூன் அட்டைக்கு மட்டும் நாலாவது வரி ஒன்று சிவப்பு மையில் இருக்கிறது: "அழிக்கும். ஆனா நிறுத்தாது. மாமாகிட்ட கேக்காதே."