அயல்நாட்டில் வாழும் அங்கத்தினரும் பத்திர அத்தாட்சியும்

தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர், படப்பை வட்டாரங்களில் தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றிலிருந்து பிள்ளைகள் உத்தியோகம் நாடிச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றிருக்கின்றனர். ஊரில் அவர்கள் பேரில் நிலம் இருக்கிறது. சங்கத்தில் பங்கும் கடனும் இருக்கின்றன. அடமானத்தை மீட்கவோ பாகப்பிரிவினை செய்யவோ அவர்கள் கையெழுத்து வேண்டும். நேரில் வர இயலாதவர், ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் காரியம் முடிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். அது பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வருகிறது. காகிதம் திரும்பலாம், கடன்மீது ஏறும் வட்டி காத்திருப்பதில்லை. ஆதலால் இவ்விஷயத்தைச் சற்று விளக்குதல் நலமெனக் கருதுகிறோம்.

ஒரு நாட்டின் அலுவலர் இட்ட கையெழுத்தை மற்றொரு நாட்டின் அலுவலர் அறியார். சிங்கப்பூர் நோட்டரியின் முத்திரை மெய்யானதா என்று அறியத் தாம்பரம் சார்பதிவாளருக்கு வழியில்லை. இருவருக்கும் இடையே ஒருவர் நின்று உறுதி கூறவேண்டும், அதுவே அத்தாட்சி. முன்னர் இதனைப் பல அலுவலகங்களில் படிப்படியாகப் பெற வேண்டியிருந்தது. 1961-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கை, அப்படிகளைக் குறைத்து ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே சான்றை வகுத்தது. இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதலும், சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதலும் அமலுக்கு வந்தது.

இங்கே நினைவிற் கொள்ளவேண்டிய விதி ஒன்று உண்டு. பத்திரம் எந்நாட்டில் பிறந்ததோ அந்நாட்டிலேதான் அதற்கு அப்போஸ்டில் கிடைக்கும். இவ்விதியைக் கொண்டு இருவகைப் பத்திரங்களைப் பார்ப்போம்.

முதலாவது, அங்கே எழுதி இங்கே பயன்படுத்தும் அதிகாரப் பத்திரம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவின்படி, இந்தியாவுக்கு வெளியே வசிப்பவர் அதனை நோட்டரி, நீதிபதி அல்லது இந்திய கான்சல் முன்னிலையில் எழுதிக் கொடுத்து, அவரால் சான்று பெற்றிருத்தல் வேண்டும். பாஸ்போர்ட்டுடன் இந்தியத் தூதரகத்துக்கு நேரில் சென்று அலுவலர் முன் கையெழுத்திடுவது நமது பதிவு அலுவலகங்களுக்கு நன்கு பழகிய வழி. சிங்கப்பூரில் நோட்டரி முன் கையெழுத்திடுவோர், அங்குள்ள சட்டக் கழகத்தின் அப்போஸ்டிலையும் பெறவேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம். இக்கெடுவைத் தவறவிட்டு அல்லற்படுவோர் பலர்.

இப்பத்திரத்தில் கிராமம், சர்வே எண், கடன் கணக்கு எண், செய்யவேண்டிய காரியம் ஆகியவற்றைத் திட்டமாக எழுதுக. அடமானத்தை மீட்க அனுப்பும் பத்திரத்தில் விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

இரண்டாவது, இங்கே பிறந்து அங்கே பயன்படுத்தும் பிறப்பு, விவாக, கல்விச் சான்றுகள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகம் இவற்றுக்கு அப்போஸ்டில் இடுவதில்லை. அசல் சான்றை ஊரிலுள்ள உறவினருக்கு அதிகாரக் கடிதத்துடன் அனுப்பவேண்டும். அவர் மாநில அரசின் உரிய துறையில் சான்று பெற்று, பின்னர் வெளியுறவு அமைச்சகத்தின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். 2012 முதல் அமைச்சகம் தனி நபர்களிடம் நேரே பத்திரம் வாங்குவதில்லை. அது நியமித்த முகவர்கள் மூலமே கொடுக்கவேண்டும். அப்போஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் 50 ரூபாய். முகவர் கூலி தனி. முகவர் யார் யார் என்பது அமைச்சக அறிவிப்பில் உண்டு. அதைப் பாராமல் தரகர் கையில் அசலைக் கொடுத்தல் ஆகாது. போகும் நாடு உடன்படிக்கையில் சேராததாயின், அமைச்சக அத்தாட்சியோடு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றும் தேவைப்படும். சேர்ந்த நாடுகளின் தொகை பெருகி வருவதால் முதலில் அதை விசாரித்துக்கொள்க.

அத்தாட்சி கையெழுத்துக்கும் முத்திரைக்குமே உறுதி கூறும். உள்ளே எழுதியிருப்பது உண்மையென்று கூறாது. சங்கப் பேரேட்டில் தலைப்பெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்தும், பட்டாவில் வேறு எழுத்திலும் இருக்கும் பெயரை எந்த முத்திரையும் ஒன்றாக்காது. அதைத் திருத்தவேண்டிய இடம் அந்தந்த அலுவலகமே.

ஆகவே மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுமுன் மூன்று காரியங்களை முடித்துவிடுக. பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் ஆக்குக. சங்கத்தில் வாரிசு நியமனத்தைப் பதிவு செய்க. நம்பத்தக்கவருக்கு, வேண்டிய அளவு மட்டும் அதிகாரம் தரும் பத்திரத்தை இங்கேயே எழுதிப் பதிவு செய்க. சங்கக் காரியதரிசிகளும் வெளிநாடு செல்லும் அங்கத்தினருக்கு இவற்றை எடுத்துச் சொல்வார்களாக. ஒரு நாள் இங்கே செலவிடுவது, பல மாதங்கள் அங்கே அலைவதைத் தவிர்க்கும்.