ஒளிப்படத்தில் ஒளியின் அளவு: ஹிஸ்டோகிராம் காட்டும் வழி

வயலிலும் காட்டிலும் பணிபுரிவோர் எடுக்கும் ஒளிப்படங்கள் பிற்காலத்தில் சான்றாகப் பயன்படுபவை. நெல் இலையில் தோன்றும் குலைநோய்ப் புள்ளியின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். படத்தில் இவ்வேறுபாடு வெளுத்துப் போனால், அதைக் கண்டு நோயை அறிதல் அரிது. நோயின் அந்நிலையை மறுமுறை படமெடுக்கும் வாய்ப்பும் எளிதில் அமையாது. ஆகவே, ஒளி சரியாக அமைந்ததா என்பதைப் படமெடுத்த இடத்திலேயே சோதித்தல் வேண்டும்.

இதற்குக் காமிராவின் திரையை மட்டும் நம்புதல் போதாது. நண்பகல் வெயிலில் மங்கித் தோன்றும் படம், இருட்டறையில் பளிச்சென்று காணப்படும். இக்குறையை நீக்குவது டிஜிட்டல் காமிராவிலுள்ள ஹிஸ்டோகிராம். பள்ளிக் கணக்கில் பயிலும் நிகழ்வுச் செவ்வகமே இது. இதன் கிடைக்கோடு கருமையில் தொடங்கி வெண்மையில் முடிகிறது. 8 பிட் படத்தில் கருமை 0, வெண்மை 255. ஒவ்வொரு படியிலும் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதை உயரம் காட்டுகிறது.

வரைபடம் வலது விளிம்பில் முட்டி நின்றால், மிக ஒளிர்ந்த பகுதிகளின் நுட்பம் அழிந்ததென்று பொருள். ஜேபெக் படத்தில் அதனை மீட்க இயலாது. இடது விளிம்பில் குவிந்தால் நிழற்பகுதி இருளில் மறையும். பின்னர் வெளிச்சத்தைக் கூட்டினால் பொரிப்பொரியான மாசு மேலோங்கும்.

முகடு எப்போதும் நடுவில் அமைய வேண்டுமென்று கருதுதல் தவறு. காமிராவின் ஒளிமானி, எதிரிலுள்ள பொருளைப் பெரும்பாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கிறது. ஆதலால் படச்சட்டம் நிறைய வெண்கொக்கு இருந்தால் படம் கருக்கும். எருமை இருந்தால் வெளுக்கும். கொக்கிற்கு ஒளியைக் கூட்டி, முகட்டை விளிம்பு தொடாதவாறு வலப்புறம் நகர்த்த வேண்டும். எருமைக்குக் குறைக்க வேண்டும். ஒளி ஈடுசெய்யும் அமைப்பில் +1 என்பது ஒளியை இருமடங்காக்கும், -1 பாதியாக்கும்.

கருநீரின் நடுவே கொக்கு சிறிதாக நின்றாலோ நிலைமை தலைகீழாகும். நீருக்கேற்ப ஒளி கூடி, கொக்கு வெளுத்துவிடும். வலக்கோடியில் தோன்றும் மெல்லிய கோடொன்றே அதனைத் தெரிவிக்கும். செம்பருத்தி போன்ற பூக்களுக்குச் சிவப்பு வண்ணத்தின் வரைபடத்தைத் தனியே பார்த்தல் நன்று. மொத்த வரைபடம் சரியாகத் தோன்றும்போதும் சிவப்பு மட்டும் எல்லை கடந்திருக்கக் கூடும்.

வகுப்பறையில் இதனை எளிதில் விளக்கலாம். வெள்ளைத்தாளையும் கருந்துணியையும் சட்டம் நிறையுமாறு தானியங்கி முறையில் தனித்தனியே படமெடுத்தால், இரண்டின் முகடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதை மாணவர் காண்பர். பின்னர் தாளுக்கு ஒளியைக் கூட்டியும் துணிக்குக் குறைத்தும் எடுத்தால், அவை தத்தம் இடத்தை அடையும்.