எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்: திறந்த தரவும் நகர நிர்வாகமும்

ஆவடியின் ஓரத்தில், விமானப் படைத் தளத்தை அடுத்து அமைந்துள்ள முத்தாபுதுப்பேட்டையில் இன்று எத்தனை பேர் வாழ்கின்றனர்? அவர்களுள் பள்ளி செல்லும் வயதினர் எத்தனை பேர்? வாடகை வீடுகளில் குடியிருப்போர் எத்தனை பேர்? இவை எளிய வினாக்களே. எனினும், வீடு வீடாகச் சென்று எடுக்கப்பட்ட முழுமையான கணக்கெடுப்பின் வழியாக இவற்றுக்குக் கிடைத்துள்ள விடை 2011ஆம் ஆண்டுக்குரியது. அக்கணக்கெடுப்பில் ஆவடி நகராட்சியின் மக்கள் தொகை 3,45,996. அதன் பின்னர் ஆவடியின் தோற்றமே மாறிவிட்டது. 2019இல் அது மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022இல் அதன் 48 வார்டுகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. தனிக் காவல் ஆணையரகமும் அவ்வாண்டே உருவானது. 2024இல் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்போ ஒத்திவைக்கப்பட்டு, 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்படும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது.

ஆவடிக்கும் புள்ளிவிவரத்திற்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1955 ஜனவரியில் இங்கு கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோசலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு எனத் தீர்மானித்தது. அதனையொட்டி 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை அமைத்தவர் புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ். 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்படக் காரணமாக இருந்தவரும் அவரே. அக்காலத்தில் அரசே எண்ணியது. எண்ணியதை அரசே வாசித்தது. முடிவையும் அரசே எடுத்தது. எண்ணப்பட்டவர்களுக்கு அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது. இந்நிலையை மாற்ற எழுந்த கருத்தே ‘திறந்த தரவு’ ஆகும்.

திறந்த தரவு என்பது யாது?

பொதுப் பணத்தில் திரட்டப்பட்ட தகவல்களை எவரும் பெறவும், கணினியில் இட்டுக் கணக்கிடவும், மறுபடியும் பயன்படுத்தவும் தக்க வடிவில் கட்டணமின்றி வெளியிடுவதே திறந்த தரவு. ஒரு வார்டின் செலவுக் கணக்கை நிழற்படமாக எடுத்து வெளியிட்டால் அதனைக் கண்ணால் படிக்கலாம். ஆனால் பத்து ஆண்டுகளின் கணக்கைக் கூட்டவோ, அண்டை வார்டோடு ஒப்பிடவோ இயலாது. அதுவே அட்டவணையாக வெளிவருமாயின், ஒரு கல்லூரி மாணவர்கூட ஒரு மாலைப் பொழுதில் அதனை ஆராய்ந்துவிட முடியும். வெளியிடப்பட்டது என்பதற்கும் திறக்கப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் நாட்டில் இதற்குச் சட்ட அடிப்படை இல்லாமல் இல்லை. 1997இலேயே தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, எவரும் கேட்குமுன் அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்று பணிக்கிறது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வகுக்கப்பட்டு, அதே ஆண்டில் நடுவணரசின் தரவுத் தளமும் தொடங்கப்பட்டது.

ஒரு நகர நிர்வாகத்திற்கு இதனால் விளையும் நன்மையை நியூயார்க் நகரின் அனுபவம் நன்கு விளக்கும். அங்கு ஒரே வீட்டைச் சட்டத்திற்கு மாறாகப் பல அறைகளாகத் தடுத்து, ஏழைகளையும் குடியேறியவர்களையும் நெருக்கிக் குடிவைக்கும் வழக்கம் தீ விபத்துகளுக்குக் காரணமாக இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 புகார்கள் வந்தன; ஆய்வாளர்களோ 200 பேர் மட்டுமே. எந்தக் கதவை முதலில் தட்டுவது? நகர நிர்வாகம் இதற்கெனப் புதிய கணக்கெடுப்பு எதனையும் நடத்தவில்லை. வரி பாக்கி, கடனுக்காக வீடு கையகப்படுத்தப்படும் நடவடிக்கை, கட்டடத்தின் வயது எனத் தனித்தனி அலுவலகங்களில் உறங்கிக் கிடந்த பதிவுகளை ஒன்றாக இணைத்து வாசித்தது. முன்னர் நூறு ஆய்வுகளில் 13 வீடுகளே உடனடியாகக் காலி செய்யப்பட வேண்டிய அபாய நிலையில் காணப்பட்டன. இணைத்து வாசித்த பின்னர் அவ்விகிதம் 70க்கும் மேலாயிற்று. 2012இல் அந்நகரம் தன் தரவுகளை மக்களுக்குத் திறந்துவிடுவதைச் சட்டமாகவே ஆக்கியது. நம் ஊர்களிலும் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, குடும்ப அட்டை, அங்கன்வாடிப் பதிவேடு ஆகியவை தனித்தனி அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றைத் தெருவாரியான தொகைகளாக அருகருகே வைத்து வாசித்தால் புலப்படக்கூடிய தேவைகள் பல.

ஏட்டில் இடம்பெறாதோர்

எனினும், தரவு என்பது நகரத்தின் நிழலே, நகரம் அன்று. 2012இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சாலைப் பள்ளங்களைக் கண்டறிய ஒரு கைப்பேசிச் செயலியை அறிமுகம் செய்தது. வண்டி குலுங்கும்போது கைப்பேசி தானாகவே இடத்தைப் பதிந்து அனுப்பும். இதில் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. அக்காலத்தில் நவீனக் கைப்பேசியும் சொந்த வாகனமும் வைத்திருந்தோர் பெரும்பாலும் வசதி படைத்தோரே. ஆகவே, கிடைத்த தரவை அப்படியே நம்பினால் வசதியானவர்களின் தெருக்களே முதலில் செப்பனிடப்படும். முதியோரும் ஏழைகளும் வாழும் பகுதிகள் பள்ளமற்றவையாகக் கணக்கில் தோன்றும்.

சென்னையில் 1913 என்னும் எண்ணுக்கு வரும் புகார்களுக்கும் இது பொருந்தும். புகார் எழாத தெருவில் குறை இல்லை என்று கொள்வதற்கில்லை. எங்கே புகார் செய்வது என்று அறியாமையும், செய்தும் பயனில்லை என்ற சலிப்பும், வாடகைக்காரர் வீட்டு உரிமையாளருக்கு அஞ்சும் அச்சமும் மௌனமாகவே கணக்கில் பதிகின்றன.

இக்குறையை நிறைவு செய்யக் கூடியவர்களும் மக்களே என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் உணர்த்தியது. அடையாறு கரை கடந்தபோது, எந்தத் தெருவில் நீர் நிற்கிறது என்ற முழுச் சித்திரம் எந்த அலுவலகத்திலும் ஒருங்கே இல்லை. அப்போது ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்னும் திறந்த வரைபடத்தின் மீது தன்னார்வலர்கள் அமைத்த தளத்தில், சென்னை மக்கள் நீர் சூழ்ந்த தம் தெருக்களைத் தாமே குறித்தனர். வரைபடம் ஏற்கெனவே திறந்திருந்தமையால்தான் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் இது சாத்தியமாயிற்று.

திரை விலகும் ஆபத்து

திறத்தல் எல்லா நிலையிலும் நன்மையே எனக் கருதிவிடலாகாது. 2014இல் நியூயார்க்கில் ஒருவர் அங்குள்ள தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக, முந்தைய ஆண்டின் 17 கோடிக்கு மேற்பட்ட வாடகைக் கார் பயணங்களின் பதிவைப் பெற்று வெளியிட்டார். ஓட்டுநரின் பெயர் அதில் இல்லை. உரிம எண்களும் குறியீடுகளாக மறைக்கப்பட்டிருந்தன. ஆனால் அம்மறைப்பு சில மணி நேரத்தில் உடைக்கப்படும் அளவுக்குப் பலவீனமாக இருந்தது. அத்துடன் நிற்கவில்லை. ஐவேளைத் தொழுகை நேரங்களில் தவறாது வண்டியை நிறுத்தியவர்கள் யாவர் என்று அப்பதிவைக் கொண்டு தேடினால், மார்க்கப் பற்றுள்ள முஸ்லிம் ஓட்டுநர்களை இனங்காண முடியும் என்பதை 2015இல் ஓர் ஆய்வாளர் காட்டினார். எவரும் அவர்களின் மதத்தைக் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. வண்டி நின்ற நேரமே அதனைச் சொல்லிற்று.

அட்டவணையின் தலைப்பு ஒன்றே ஊறு விளைவிக்கவும் கூடும். 2020 ஏப்ரலில் தில்லி அரசின் அன்றாட நோய்த்தொற்று அறிக்கையில் ‘மஸ்ஜித் மர்கஸ்’ என்று ஒரு தனி இனம் இடம்பெற்றது. ஒரு சமூகத்தையே நோயின் காரணமாகக் காட்ட அது துணைபுரியும் என்று தில்லி சிறுபான்மையினர் ஆணையம் ஆட்சேபித்தது. அதன் பின்னரே தலைப்பு மாற்றப்பட்டது. அவ்வறிக்கையின் எண்கள் பொய் என்று எவரும் கூறவில்லை. மெய்யான எண்ணும் தவறான தலைப்பின் கீழ் தீங்கு செய்யும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

அவ்வாறாயின், எண்ணப்படாமலே இருந்துவிடுவது பாதுகாப்பானதா? இல்லை. 2006இல் வெளிவந்த சச்சார் குழுவின் அறிக்கை இதற்குச் சான்று. முஸ்லிம்கள் சலுகைகளால் வளர்க்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆண்டாண்டு காலமாக மேடைப் பேச்சே விடையாக இருந்தது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வு முதலிய அரசின் சொந்த ஏடுகளைக் கொண்டே கல்வியிலும் அரசுப் பணியிலும் வங்கிக் கடனிலும் அச்சமூகத்தின் பின்தங்கிய நிலையை அக்குழு எடுத்துக்காட்டியது. பல்வேறு சமூகங்களின் நிலையைக் காட்டும் தேசியத் தரவு வங்கி ஒன்றை நிறுவுமாறும் அது பரிந்துரைத்தது. எண்ணப்படாதவனின் குறைக்குச் சான்று இல்லை. சான்றில்லாத குறை கோரிக்கையாகவும் உருப்பெறுவதில்லை.

ஓர் இரவின் அழுகுரல்

இஸ்லாமிய வரலாற்றுக்கு இச்சிக்கல் புதியதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நிறுவிய ‘தீவான்’ என்னும் பதிவேடு, பொதுக் கருவூலத்திலிருந்து யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதைப் பெயர்வாரியாகக் கொண்டிருந்தது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்பது தொடக்க விதி. மதீனாவில் வந்து தங்கிய வணிகர் கூட்டத்திற்கு ஓர் இரவு காவல் புரியச் சென்ற கலீஃபா, இடைவிடாது அழுத ஒரு குழந்தையின் தாயிடம் காரணம் வினவினார்கள். வினவியவர் யார் என அறியாத அத்தாய், உதவித்தொகை கிடைக்கும்பொருட்டுக் காலத்திற்கு முன்பே குழந்தையைப் பால் மறக்கச் செய்வதாகக் கூறினார். கலீஃபா கலங்கினார்கள், பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் உதவித்தொகை உண்டு என விதியை மாற்றினார்கள் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

இந்நிகழ்ச்சியை ஆட்சியாளரின் இரக்கத்துக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் கூறி வந்துள்ளோம். நிர்வாக நோக்கில் அதில் மற்றுமொரு பாடம் உண்டு. ஏடு பிழையின்றியே இருந்தது. பிழை, ஏட்டின் விதியில் இருந்தது. அப்பிழையை ஏடு காட்டவில்லை. ஏட்டில் இன்னும் இடம்பெறாத ஒரு குழந்தையின் அழுகுரல் காட்டியது. அக்குரலைக் கேட்க அந்த இரவில் கலீஃபா நேரில் செல்ல வேண்டியிருந்தது. தரவைத் திறந்து வைப்பதன் நோக்கமும் இதுவே: ஏட்டின் விதியால் பாதிக்கப்படுவோர், ஆட்சியாளரின் இரவு உலாவுக்குக் காத்திராமல், அவ்விதியைத் தாமே கண்டு திருத்தம் கேட்க வேண்டும்.

ஆவடியில் இதற்கு வழி உண்டு. 2022 நவம்பர் முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. ஒரு வார்டின் குப்பை அகற்றல், தெருவிளக்கு, மழைநீர் வடிகால், வரி வரவு, செலவு ஆகியவை தெருவாரியான அட்டவணையாக அச்சபையின் முன் வைக்கப்படுமாயின், முத்தாபுதுப்பேட்டையில் வாழும் ஒருவர், தம் தெரு அதில் விடுபட்டிருப்பதை அங்கேயே சுட்டிக்காட்ட இயலும். தொகை மிகச் சிறியதாக உள்ள இடங்களில் சரியான எண்ணைக் குறிக்காமல் ‘ஐந்துக்கும் குறைவு’ என்று எழுதுவது புள்ளியியலாளர் அறிந்த எளிய காப்பு. ஒரு தெருவில் இரண்டே கைம்பெண்கள் இருப்பின், அவர்களைப் பற்றிய எண் அவர்களின் பெயரே அன்றோ!

2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து, ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே காரணத்தால் ஒரு தகவலை மறுக்க இடமளிக்கிறது. பொது நலன் கருதி வெளியிடும் அதிகாரம் வேறொரு உட்பிரிவில் எஞ்சி நிற்கிறது. எனினும் அதனைப் பயன்படுத்துவது அலுவலகத்தின் மனத்தைப் பொறுத்ததாகிவிடும். குடிமகனைக் காக்க நெய்யப்பட்ட திரை அலுவலகத்தின் கணக்கை மறைக்கப் பயன்படுமாயின், அது திசை மாறிய திரையே ஆகும்.

நிர்வாகத்தின் செயல்கள் திறந்திருக்க வேண்டும்; மனிதரின் வீடு மூடியிருக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் நம் வாயிலுக்கு வரும்போது உண்மையான விடையைத் தருவது நம் கடமை. அவ்விடையைக் கொண்டு என்ன செய்யப்பட்டது என்று பகுதி சபையில் எழுந்து கேட்பதும் நம் கடமையே. முன்னதைச் செய்து பின்னதை விடுவோமாயின், நாம் எண்ணப்பட்டோம் என்பதன்றி அறியப்பட்டோம் என்று சொல்வதற்கில்லை.