ராட்டினத்துக்கும் ஒரு புத்தகம் வேண்டும்

நாராயணவனம் கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில் திருவிழா என்றால், எங்கள் தலைமுறைக்குச் சுவாமி புறப்பாட்டுக்கு அடுத்து நினைவுக்கு வருவது ராட்டினம்தான். நான்கே தொட்டில், கையால் தள்ளும் மர ராட்டினம். இந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்துவரும் ஒரு ஜெர்மன் குடும்பத்தைப் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தென்மேற்கு ஜெர்மனியில், வால்ட்கிர்ஷ் என்ற சிற்றூரில், 1780-இல் பால் மாக் என்பவர் வண்டிப் பட்டறை தொடங்கினார். முதலில் குதிரை வண்டிகள். பிறகு, ஊர் ஊராகச் சந்தைக்குப் போகும் வேடிக்கைக்காரர்களுக்கு வண்டி கட்டிக் கொடுக்கப் போய், அவர்கள் குடும்பம் ராட்டினமே செய்ய ஆரம்பித்தது. 1921-இல் மரத்தாலான ரோலர் கோஸ்டர் செய்தார்கள். 1975-இல் பிரான்ஸ் மாக்கும் அவர் மகன் ரோலண்டும் ரூஸ்ட் என்ற ஊரில் 'யூரோபா பார்க்' பூங்காவைத் திறந்தனர். செய்த ராட்டினங்களை வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்பதே அன்றைய எண்ணம். இன்று ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள்.

ரயில்வேயில் பணிபுரிந்த எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்நாட்டு வழக்கம் ஒன்று. ஊர் ஊராகப் போகும் பெரிய ராட்டினம் ஒவ்வொன்றுக்கும் அங்கே சோதனைப் புத்தகம் உண்டு. வரைபடம், பலக் கணக்கு, பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கும். புது ஊரில் பூட்டியதும் அதிகாரி அதைக் கேட்டுப் பார்க்கலாம். நம் ரயில் பெட்டிகளில் 'பி.ஓ.எச்.' தேதி எழுதியிருக்கிறதல்லவா, அதைப் போலத்தான்.

2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் ராட்டினம் ஒன்று ஓடும்போதே முறிந்து விழுந்து இருவர் உயிரிழந்தனர். இரும்பு களைப்பதும் துருப்பிடிப்பதும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. முறையாகச் சோதித்து எழுதி வைத்தால்தான் தெரியும்.

விடுமுறையில் ஊருக்கு வரும் அன்பர்களே, குழந்தையை ஏற்றுமுன் ஒரு நிமிடம் பாருங்கள். அடிக்கட்டை உறுதியான தரையில் மட்டமாக நிற்கிறதா? தொட்டிலின் பின் கழன்றுவிடாமல் காட்டர் பின் போட்டிருக்கிறதா? குறுக்குக் கம்பி சரியாகப் பூட்டுகிறதா? சுவிட்ச் அருகில் ஆள் இருக்கிறாரா? "கடைசியாக எப்போது சோதித்தீர்கள் அண்ணே?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், குழந்தை அழுதாலும் பரவாயில்லை. பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து அழைத்துப் போய்விடுங்கள்.