உங்களுக்குத் தெரியுமா? நெவாரோ கோளின் நீலத் தின்பண்டம்

ஸ்டார் வார்ஸ் கதை உலகைச் சேர்ந்த 'தி மேண்டலோரியன்' தொடரில் 2020-இல் வந்த ஓர் அத்தியாயம். நெவாரோ கோளின் பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கைப் பையன் நீல நிறப் பிஸ்கட் தின்கிறான். தொடரின் குட்டி வேற்றுக்கிரகவாசி குரோகு கை நீட்டிக் கேட்டும் தர மறுக்கிறான். உடனே தொடாமலே பொருள்களை நகர்த்தும் 'ஃபோர்ஸ்' சக்தியால் பொட்டலத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான் குரோகு! பிறகு விண்கலம் சுழன்று பறக்கும்போது தின்றது வெளியே வந்துவிடுகிறது.

அந்த நீலப் பிஸ்கட்டையே 'நெவாரோ நம்மீஸ்' என்ற பெயரில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் சோனோமா கடைகள் மக்கரானாக விற்றன. பாதாம் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் பிரெஞ்சு இனிப்பு அது. முந்திரியில் செய்யும் நம் தூத்துக்குடி மக்ரூனுக்கு உறவு.

ஸ்டார் வார்ஸ் உலகில் நீல உணவு புதிதல்ல. 1977-இல் வந்த முதல் படத்திலேயே நாயகன் லூக்கின் வீட்டில் நீலப் பால் உண்டு. 2019 முதல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் அதை வாங்கியே குடிக்கலாம்: தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் கலந்தது.