வாயடைத்த எச்சரிக்கை

அலாஸ்காவின் கெச்சிகன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மி.மீ.க்கும் மேல் மழை கொட்டுகிறது. வெளியூருக்குச் சாலையே இல்லாத தீவு. அங்கே மிதவை விமானம் டாக்சி மாதிரி. கோடையில் சொகுசுக் கப்பல் வந்து நின்றால், மிஸ்டி ஃபியார்ட்ஸ் மலைகளைச் சுற்றிக் காட்டப் பயணிகளை ஏற்றிச் செல்லும். ‘மிஸ்டி’ என்றால் மூடுபனி சூழ்ந்த என்று பொருள்; பெயரிலேயே மூடுபனி இருக்கிறது!

2015 ஜூன் 25 அன்று அப்படியொரு உலா முடிந்து திரும்பிய ஓட்டர் வகை மிதவை விமானம் ஒன்று, எலா ஏரி அருகே சுமார் 1,600 அடி உயரத்தில் செங்குத்துப் பாறையில் மோதியது. விமானியும் எட்டுப் பயணிகளும் இறந்தனர். விமானத்தில் பழுது இல்லை; நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது.

பிறகு எப்படி மோதியது? அங்கே ஈரக் கடற்காற்று மலைச்சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து, மலையின் இடுப்பிலேயே மேகமாகிவிடும். கண்ணால் பார்த்து ஓட்டும் விமானி அதற்குக் கீழே தாழப் பறந்தாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 180 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். முன்னால் 800 மீட்டர்தான் தெரிகிறது என்றால் கையில் 16 நொடி. இறக்கையை 30 பாகை சாய்த்து, வந்த வழியே திரும்பக் கிட்டத்தட்ட 900 மீட்டர் அகலம் வேண்டும். குறுகிய பள்ளத்தாக்கில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

இதற்கென்றே விமானத்தில் ஒரு கருவி இருந்தது. எதிரே மலை நெருங்கினால் குரல் கொடுத்து எச்சரிக்கும். அன்று அது வாய் திறக்கவில்லை. அதன் எச்சரிக்கையை நிறுத்தும் சுவிட்ச் போடப்பட்டிருந்தது. இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தரைக்கும் விமானத்துக்கும் 700 அடி இடைவெளியை எதிர்பார்த்து வடிவமைத்த கருவி அது. இந்த உலா விமானங்களுக்கோ 500 அடி வரை தாழப் பறக்க விதியே இடம் தருகிறது. ஆக, ஒழுங்காகப் பறந்தாலும் கருவி கத்தும். நாள் முழுக்கக் காரணமில்லாமல் கத்துவதை எத்தனை நாள்தான் காதில் வாங்குவது? நம் வீட்டிலும் சும்மா சும்மா அலறும் அலாரத்தை அணைத்துத்தானே வைக்கிறோம்.

விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், மோசமான வானிலைக்குள் தொடர்ந்து பறந்த விமானியின் முடிவைக் குறை சொன்னது. அதோடு நிற்கவில்லை. அப்படிப் பறப்பதைக் கண்டும் காணாமல் விட்ட, விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் போக்கையும் காரணமாகச் சேர்த்தது.

அன்று நேர நெருக்கடியும் இருந்தது: பயணிகளைக் கப்பல் கிளம்புவதற்குள் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். ஊர் திரும்ப இரண்டு வழிகள். பெரும்பாலும் கடல்மேலாகவே சுற்றி வரும் நீண்ட வழி ஒன்று, மலைகளுக்கு ஊடாக வரும் குறுக்குவழி ஒன்று. சில நிமிடங்கள்தான் வித்தியாசம். விமானி குறுக்குவழியில் வந்தார்.