யாருடைய பாடம் சுற்றுச்சூழல் கல்வி?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கல்லூரிகளில் வணிகவியல் படிக்கும் மாணவரும் தமிழிலக்கியம் படிக்கும் மாணவியும் கணினி அறிவியலில் சேர்ந்தவரும் ஒருசேரத் தேர்ச்சி பெற்றாக வேண்டிய தாள்களுள் ஒன்று சுற்றுச்சூழல் கல்வி. மாணவர் பேச்சில் அது ‘இ.வி.எஸ். பேப்பர்’. இளநிலைப் பட்டப் படிப்பில் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் அடுத்த நான்காம் பகுதியில், நன்னெறிக் கல்வி போன்ற சிறு தாள்களோடு அது வைக்கப்படுவது வழக்கம். இயற்பியலை இயற்பியல் படித்தவரும் வரலாற்றை வரலாறு படித்தவரும் நடத்துவதைப் போல இதை இன்னார்தான் நடத்துவார் என்று சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் வேதியியலார், இன்னோரிடத்தில் விலங்கியலார், வேறோரிடத்தில் பொருளியல் துறையின் கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரப் பணியிடத்தில் அல்லாமல் தொகுப்பூதியத்தில் பணிபுரியும் ஆசிரியர், எனப் பல திசைகளிலிருந்தும் இதற்கு ஆசிரியர்கள் வந்து சேர்கின்றனர்.

இந்நிலைக்குக் காரணம் பாடம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. மற்றப் பாடங்கள் ஒரு துறை வளர்ந்து, அறிஞர் கூட்டம் உருவாகி, அவர்கள் வகுத்த பாடத்திட்டத்தின் வழியே வகுப்பறைக்குள் வந்தவை. இதுவோ நீதிமன்றத்தின் வழியே வந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று அளித்த ஆணை, திரையரங்குகளில் சூழல் பற்றிய படத்துண்டுகள் காட்டப்பட வேண்டும், வானொலியும் தொலைக்காட்சியும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பவற்றோடு, கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றும் கூறியது. ஆணை பெரும்பாலும் தாளிலேயே கிடந்ததால் மேத்தா மீண்டும் நீதிமன்றத்தை நாட, 2003 டிசம்பரில் மறுபடியும் கண்டிப்பான உத்தரவு பிறந்தது; அந்த ஆண்டுகளில்தான் பல்கலைக்கழக மானியக் குழு எட்டு அலகுகளும் ஐம்பது வகுப்புகளும் கொண்ட ஆறு மாதப் பொதுப் பாடத்திட்டத்தை நாடு முழுவதற்கும் அனுப்பியது. அதற்கான பாடநூலை எழுதிய எராக் பரூச்சா, புணேயைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர். காட்டுயிர்ப் பாதுகாப்பில் நெடுங்காலம் ஈடுபட்டு, பாரதி வித்யாபீடத்தின் சூழல் கல்வி நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். வழக்கறிஞர் கேட்டு, நீதிபதிகள் ஆணையிட்டு, மருத்துவர் நூல் எழுதிய பாடத்துக்கு ஆசிரியர் மட்டும் ஒரே துறையிலிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆணையில் பாடம் இருந்தது. அதற்கென்று பணியிடம் இல்லை. உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும் என்பது விதி. முதன்மைப் பாடங்களைப் பங்கிட்ட பின் யாருக்கு மணி குறைகிறதோ அவருடைய கால அட்டவணையில் நான்காம் பகுதித் தாளைச் சேர்ப்பது பல கல்லூரிகளின் நடைமுறை. பொறியியல் கல்லூரிகளில் நிலைமை சற்று வேறு. நீரின் தரம், காற்று மாசு, கழிவு நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை பாடத்தின் பெரும்பகுதியாக இருப்பதால் அங்கே இது பெரும்பாலும் வேதியியல் துறையின் கையில் இருந்துவருகிறது. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அதற்கென்றே நடத்தப்படும் தேசியத் தகுதித் தேர்விலும் வென்றவர்கள் வேலைக்குக் காத்திருக்க, அவர்கள் படித்த பாடத்தை மணிக்கணக்கை நிரப்புவதற்காக மற்றவர்கள் நடத்துவது குறித்த மனக்குறை நியாயமானதே. ஆயினும் பல துறையினர் நடத்துவதாலேயே பாடம் பாழாகிறது என்ற முடிவு அவசரப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்து நிலம் அதற்கு நேர் எதிரான வாதத்தை முன்வைக்கிறது.

மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொள்ளலாம். கடல்நீரையோ உவர் நிலத்தடி நீரையோ தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்ட விடும்போது முதலில் சுண்ணாம்பு வகை உப்பும் அடுத்து ஜிப்சமும் அடியில் தங்குகின்றன. நீர் மேலும் அடர்ந்த பிறகே கடைசிப் பாத்தியில் சமையலுப்பு படிகமாகிறது, எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் மிகுந்திருக்கிறது. இவ்வளவையும் வேதியியல் ஆசிரியர் பாத்தியின் வரப்பில் நின்றபடியே நடத்திவிடலாம், ஆய்வகம் வேண்டியதில்லை. அதே வரப்பில் பொருளியல் ஆசிரியர் நின்றால், வெண்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் கண் கூச உப்பு வாரும் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் கூலி இல்லை என்பதிலிருந்து பாடம் தொடங்கும். தமிழாசிரியரோ சிறுபாணாற்றுப்படையிலிருந்து தொடங்குவார். சங்க இலக்கியப் பத்துப்பாட்டில் ஒன்றான அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இந்தத் திண்டிவனப் பகுதியே என்றும், அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்றும், கிடங்கில் என்ற ஊர் இன்றைய திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்ற உமணர்களும், அவர்களோடு வந்து அவர்தம் பிள்ளைகளுடன் விளையாடிய குரங்கும் அந்நூலில் இடம்பெறுவது, வணிகவியல் மாணவருக்கும் சுவையான செய்திதான். மூவரில் எவர் சொல்வதும் தவறில்லை, எவர் சொல்வதும் முழுமையும் இல்லை.

உப்பளங்களுக்கு அண்மையில் உள்ள கழுவெளியும் அவ்வாறே. மழைக்காலத்தில் ஏரிகளின் மிகைநீராக வந்து நிறையும் நன்னீரும், எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீர்ச் சதுப்பு அது. பழவேற்காட்டுக்கு அடுத்துத் தமிழகத்தின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகச் சொல்லப்படும் இதில் சுமார் 5,150 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசை, அதாவது பருவந்தோறும் உணவும் தட்பவெப்பமும் நாடிப் பறவைகள் மேற்கொள்ளும் நெடும்பயணம், விலங்கியலாருக்கு உரிய பொருள். சரணாலய எல்லைக்குள் நெடுநாள் பயிர் செய்துவந்த உழவரின் உரிமை என்ன என்பது அரசியல் அறிவியலாருக்கு உரியது. திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காப்பில் உள்ள கல்மரப் பூங்காவில், சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்களின் இழைகளில் சிலிக்கா புகுந்து அவை கல்லான கதையைச் சொல்லப் புவியியலாரே வேண்டும். அவர் அமையாத கல்லூரியில் அப்பூங்கா சுற்றுலா இடமாகவே கழிந்துவிடுகிறது.

பட்டமே இல்லாத ஆசிரியர்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும், அமெரிக்காவின் ஃபுளோரிடாச் சதுப்பில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017இல் அங்கே அழைக்கப்பட்டனர். பாம்பு சென்ற தடத்தை மண்ணிலும் புல்லிலும் கண்டறியும் அவர்களது நுட்பத்தை அங்கிருந்த உயிரியலார் அருகிருந்து பார்த்தனர், 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. திண்டிவனம் பகுதியிலும் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. அவர்களது உரிமைக்காகப் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவரும், திண்டிவனம் ரோசணையில் தாய்த் தமிழ்ப் பள்ளியை நிறுவியவருமான பேராசிரியர் பிரபா கல்விமணி இயற்பியல் ஆசிரியர் என்பது, ஆசிரியரின் பட்டத்துக்கும் அவர் கற்பிப்பதற்கும் உள்ள தொலைவுக்கு நல்ல சான்று. மரக்காணம் அருகே நடுக்குப்பத்தில் அரசுப் பள்ளியோடு சேர்ந்து சூழல் கல்வி நடத்திய பிச்சாண்டிக்குளம் வனத்தை ஆரோவில்லில் 1973இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ். நீண்ட கோடையிலும் இலை முழுதும் உதிர்க்காத கடலோரக் காட்டுவகையான உலர் பசுமைமாறாக் காட்டை அவரும் தோழர்களும் மீட்டெடுக்க முனைந்தபோது, மூல விதைகளும் வழிகாட்டுதலும் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற எஞ்சிய கோயில் காடுகளிலேயே கிடைத்தன. பள்ளிப் படிப்பையே முடிக்காத எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நாட்டுப்புறக் கதைகளுக்காகப் பேராசிரியராக அமர்த்திய துணிவு சூழல் கல்விக்கு ஏனோ இன்னும் வரவில்லை.

எழுத்துப் பக்கம் திரும்பினாலும் இதே கலவைதான். தமிழில் காட்டுயிர் எழுத்தைப் பரவலாக்கிய சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமைப் பதவி வகித்தவர். அவர் தொகுத்து வெளிவரச் செய்த கட்டுரைகளின் ஆசிரியர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சங்க இலக்கியத்தின் செடிகொடிகளையும் பறவைகளையும் அறிவியல் பெயர்களோடு அடையாளம் காட்டிய பி.எல். சாமி புதுச்சேரியில் ஆட்சிப் பணி அலுவலர். விழுப்புரம் அரசுக் கல்லூரியில் தமிழ் நடத்திய த. பழமலய், 1988இல் வெளிவந்த ‘சனங்களின் கதை’ வழியே புன்செய் நிலத்து மக்களையும் அவர்களது மண்ணையும் கவிதைக்குள் கொண்டுவந்தார். பூச்சிக்கொல்லிகளின் கேட்டை 1962இல் உலகறியச் செய்த அமெரிக்கரான ரேச்சல் கார்சன்கூட ஆங்கில இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து, இடையில் உயிரியலுக்கு மாறியவர்.

வகுப்பறையில் மிகவும் நலிந்து கிடப்பது எழுத்துதான். மானியக் குழுவின் முதல் பாடத்திட்டம் நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்தைக் களப்பணிக்கு ஒதுக்கியது. உள்ளூர் ஆறு, குன்று, குளம், மாசுபட்ட இடம் ஏதேனும் ஒன்றை மாணவர் நேரில் பார்த்து ஆவணப்படுத்த வேண்டும் என்பது அதன் எண்ணம். நடைமுறையில் அது ‘அசைன்மென்ட்’ ஆகச் சுருங்கி, அமேசான் காட்டின் அழிவும் ஓசோன் படலத்து ஓட்டையும் நோட்டுக்கு நோட்டு ஒரே வாக்கியங்களில் பெயர்வது ஆசிரியர் அனைவரும் அறிந்த சங்கதி. இதற்கு மாணவரின் சோம்பலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறிவியல் ஆசிரியருக்கு எழுத்தைத் திருத்தும் பழக்கம் குறைவு, மொழி ஆசிரியருக்கு அளவீட்டைச் சரிபார்க்கும் துணிவு குறைவு. இருவரும் ஒரே நோட்டைப் பார்க்கும் ஏற்பாடு கால அட்டவணையில் இல்லை.

எழுதப் பொருள் இல்லை என்று இம்மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையின் உபரி நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைமீறியது. தன் ஊர் ஏரியின் கலங்கல், அதாவது ஏரி நிறைந்தபின் மிகைநீர் வழியும் கல்லமைப்பு, எந்த நேரத்தில் வழிந்தது, போக்குக் கால்வாய் எங்கே அடைபட்டிருந்தது, வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கறை தரையிலிருந்து எத்தனை அடி, விதைநெல் என்னவாயிற்று என்று ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதினால், அதில் நீரியலும் பொருளியலும் ஊர் வரலாறும் தாமாக வந்துவிடும். கறையின் உயரத்தை அளந்தாளா, அண்டை வீட்டாரிடம் கேட்டாளா என்று அறிவியல் ஆசிரியர் விசாரிக்க, எந்த வாக்கியம் பாடநூலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று தமிழாசிரியர் அடிக்கோடிடலாம்.

2023இல் மானியக் குழு வெளியிட்ட புதிய வழிகாட்டு நெறி இப்பாடத்துக்கு நான்கு தகுதிப்புள்ளிகள் தருகிறது. மணி நேரம் கூடும்போது பணியிடக் கேள்வியும் கூர்மையாகும். சுற்றுச்சூழல் அறிவியல் படித்த ஒருவரைப் பொறுப்பாளராக அமர்த்தி, மற்றத் துறையினரை அவரவர் அலகுக்கு அழைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நீதி செய்யும் வழியாகப் படுகிறது. களப்பணியை மட்டும் பருவத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளும் வழக்கத்தை எவர் பொறுப்பேற்றாலும் முதலில் மாற்ற வேண்டியிருக்கும். கழுவெளிக்கு வடக்கிலிருந்து வரும் வாத்தினங்கள் பங்குனிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுகின்றன, கோடை ஏற ஏறச் சதுப்பின் பெரும்பகுதி வற்றியும் போகிறது. தை மாதத்தில் ஒரு காலைப் பொழுது கிடைத்தால் போதும், அதற்குப் பேருந்து ஏற்பாடு செய்ய மார்கழியிலேயே முதல்வரிடம் அனுமதிக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.